கிடங்கில் எங்கள் ராகி இருக்கிறது, தட்டில் ஏன் இல்லை?

சத்துணவுத் திட்டத்தையும் காலை உணவுத் திட்டத்தையும் வகுத்து நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

தருமபுரி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அங்குள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். மானாவாரியில் ராகியும், கிணற்றுப் பாசனத்தில் தக்காளியும் அவரையும் போடுகிற குடும்பம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் சார்பில் நானும் ஓர் உறுப்பினர். அந்தக் குழு போட்ட ஒரு தீர்மானம் அலுவலகத்துக்குப் போய், எழுத்தில் ஒரு வரிகூடப் பதில் இல்லாமல் திரும்பி வந்துவிட்டது. எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று இங்கே எழுதப் போவதில்லை. அவர் மரியாதையாகத்தான் பேசினார். "இதெல்லாம் பாலிசி மேட்டர்மா, எங்க கையில இல்ல" என்றார். பாலிசி உங்கள் கையில் இருக்கிறது, அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

தீர்மானத்தில் நாங்கள் கேட்டது பெரிய காரியம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒரு நாள் அரிசிக்குப் பதில் ராகியில் ஓர் உணவு வேண்டும். பள்ளிக்கு வாங்கும் காய்கறியையும் கீரையையும், எங்கள் ஊராட்சிக்குள் விளையும் காலத்தில், எங்கள் ஊராட்சிக்குள்ளேயே வாங்க வேண்டும். இரண்டே கோரிக்கை. முதலாவதுக்கு, "பட்டியலில் இல்லாததைச் சமைக்க முடியாது" என்று சொன்னார்கள். இரண்டாவதுக்கு, "ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கா? உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கா? பில் புத்தகம் இருக்கா? இல்லாதவங்ககிட்ட வாங்கினா ஆடிட்ல நிக்கும்" என்று சொன்னார்கள். இரண்டு பதிலும் தவறு என்பது என் வாதம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ராகியிலிருந்து தொடங்குகிறேன். 2023 மே மாதம் முதல் எங்கள் மாவட்டத்திலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு கொண்டுவந்தது. அதற்காகவே நேரடிக் கொள்முதல் நிலையங்கள் திறந்து, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக எங்கள் பகுதி விவசாயிகளிடம் ராகி வாங்கினீர்கள். 2025-26க்குக் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் குறைந்தபட்ச ஆதரவு விலை. மண்டிக்காரர் கேட்ட விலைக்கு ராகியை விட்டுவிட்டு வந்த எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் பள்ளிக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் எங்கிருந்து வருகின்றன? அதே நுகர்பொருள் வாணிபக் கழகத்திடமிருந்துதான். ராகியை வாங்குவதும் கழகம், சேமிப்பதும் கழகம், பள்ளிக்கு அரிசி மூட்டை அனுப்புவதும் கழகம். அரிசி மூட்டையோடு ஒரு ராகி மூட்டையையும் ஏற்றிவிட்டால் போதும். புதிதாகக் கிடங்கு கட்ட வேண்டாம், டெண்டர் விட வேண்டாம், வண்டி அமர்த்த வேண்டாம். வேண்டியது ஓர் ஆணை மட்டும். பாட்டிக்கும் தாத்தாவுக்கும் ரேஷனில் ராகி கொடுக்கிற அரசு, எலும்பு வளர்கிற வயதில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு மட்டும் தீட்டிய அரிசியே போதும் என்று விட்டிருப்பது எனக்குப் புரியவே இல்லை. 100 கிராம் ராகியில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இது உங்கள் ஊட்டச்சத்து அலுவலர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அளவைப் பாருங்கள். மத்திய அரசின் அளவுகோல்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம். எண்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஒரு நாளைக்கு 8 கிலோ. வாரம் ஒரு நாள் என்றால், ஆண்டுக்கு நாற்பது வாரம் பள்ளி நடந்தாலும் 320 கிலோ. ஆறு மூட்டையும் கொஞ்சமும். ஒரு ஏக்கரின் மகசூலைக்கூட இது தொடாது. இவ்வளவுக்குத்தான் "பாலிசி மேட்டர்" என்று கைவிரிக்கிறார்கள்.

"பட்டியலில் இல்லை" என்ற பதிலையும் கொஞ்சம் கவனியுங்கள். 2022-ல் காலை உணவுத் திட்டத்தை அறிவித்தபோது, அந்தந்தப் பகுதியில் கிடைக்கும் சிறுதானியங்களைக் கொண்டு வாரத்தில் இரண்டு நாளாவது சிற்றுண்டி செய்து தரலாம் என்று சொன்னது அரசேதான். நாங்கள் கேட்பது அதில் பாதி. நடைமுறையில் எங்கள் பிள்ளைகள் காலையில் சாப்பிடுவது ரவை உப்புமா, சேமியா உப்புமா, ரவை கிச்சடி. ரவை கோதுமையிலிருந்து வருகிறது. எங்கள் மாவட்டத்தில் யார் கோதுமை போடுகிறார்கள்? வடக்கே விளைந்த கோதுமை அத்தனை தூரம் கடந்து பள்ளிச் சமையற்கூடத்துக்கு வர முடிகிறது. பள்ளி மதிலை ஒட்டிய நிலத்தில் விளைகிற ராகி உள்ளே வர முடியவில்லை.

பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்பார்கள். சில பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள் என்பது உண்மைதான். வீட்டிலேயே களி கிண்டுவது குறைந்துபோன காலம் இது. ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். அங்கே 2024 பிப்ரவரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் பாலில் ராகி மாவு கலந்து தரத் தொடங்கினார்கள். ஒடிசாவில் 2017-ல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, கியோஞ்சர் மாவட்ட அங்கன்வாடிகளில் ராகி லட்டு வரைக்கும் கொண்டுபோனார்கள். அங்கே வாய்க்குப் பிடித்தது இங்கே பிடிக்காமல் போகுமா? எடுத்த எடுப்பில் களிதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. புட்டில் தொடங்குங்கள். வெல்லமும் தேங்காயும் போட்ட புட்டை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. அடை வேண்டாம். எண்பது பேருக்கு ஓர் அடுப்பில் அடை தட்டச் சொல்வது, வாழ்நாளில் சமையற்கட்டுக்குள் போகாதவர் போடும் திட்டமாக இருக்கும்.

சிறுதானியம் என்று பொதுவாகச் சொல்லாமல் ராகி என்றே ஏன் கேட்கிறேன் என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. சாமை, தினை, வரகு எல்லாம் உமி நீக்க வேண்டியவை. அதற்கு இயந்திரம் வேண்டும், எல்லா ஊரிலும் அது இல்லை. ராகிக்கு அந்தத் தொல்லை கிடையாது. கல் மண் நீக்கி, கழுவிக் காயவைத்து, ஊர் மாவு மில்லில் கொடுத்தால் மாவு. மாவாக வாங்கி மாதக்கணக்கில் வைத்தால் கசந்துவிடும், வண்டு விழும். தானியமாக இருந்தால் நாள்பட இருக்கும். ஆகவே பள்ளிக்குத் தானியமாகவே தாருங்கள், அரைக்கும் கூலியைச் செலவினத்தில் சேருங்கள். எங்கோ ஓர் ஆலையில் அரைத்துப் பாக்கெட் போட்டு அனுப்பும் யோசனை வந்தால், தயவுசெய்து அதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விவசாயிக்கும் பிள்ளைக்கும் நடுவில் இன்னொருவர் வந்து உட்காரத்தான் அது உதவும்.

இனி காய்கறிக்கு வருகிறேன். பள்ளிக்குக் காய்கறி வாங்குவதில் டெண்டர் இல்லை, நிறுவனம் இல்லை. பள்ளியின் சத்துணவு அமைப்பாளர்தான் வாங்குகிறார். பார்க்கப்போனால் உள்ளூரில் வாங்குவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. பிறகு ஏன் வாங்குவதில்லை?

காரணம் கடன். காய்கறிக்கு அரசு தரும் செலவினப் பணம் வரத் தாமதமாகும் மாதங்களில் பள்ளி அடுப்பை எரியவைப்பது டவுன் காய்கறிக் கடைக்காரர் தரும் கடன். அமைப்பாளர் அக்கா தன் தோட்டைக்கூட அடகு வைத்திருக்கிறார் என்று ஊரில் பேசிக்கொள்வோம். அவரிடம் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். கடைக்காரரையும் குறைசொல்ல மாட்டேன், அவர் பணம் முடங்கிக் கிடக்கிறது. ஆனால் கடன் வாங்கும் இடத்தில் பொறுக்கி எடுக்க முடியுமா? தினப்படி கைக்காசு கொடுப்பவர்கள் நல்லதை எடுத்துப் போனபின், மிஞ்சிய கூடையைத் தள்ளிவிட்டாலும் வாங்கி வரத்தான் வேண்டும். முற்றிப்போன கத்தரிக்காய், ஒரு பக்கம் அழுகிய தக்காளி, வாடிய முள்ளங்கி. வெட்டி எறிவது எவ்வளவு, சட்டியில் விழுவது எவ்வளவு என்று சமையல் உதவியாளரைக் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தக்காளி போய் வரும் வழி எனக்குத் தெரியும், ஏனென்றால் அது சில நாள் எங்கள் தக்காளியாகவே இருக்கும். வயலில் பறித்துப் பெட்டியில் அடுக்கி, வண்டி வாடகை கொடுத்து மண்டிக்கு அனுப்புகிறோம். ஏலம், கமிஷன், இறக்குக் கூலி எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சம் கைக்கு வரும். டவுன் கடைக்காரர் அங்கே எடுத்து, கடையில் வைத்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ அமைப்பாளர் வாங்கி, பஸ்ஸில் போட்டு எங்கள் ஊருக்கே கொண்டுவருகிறார். எங்கள் மாவட்டத்துப் பாலக்கோடு பக்கம் விலை விழுந்த வாரங்களில், பறிக்கும் கூலிக்குக்கூட ஆகவில்லை என்று செடியிலேயே விட்டுவிடுகிறோம். சாலையோரம் கொட்டிய தக்காளியை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதே வாரம், அதே ஊர்ப் பள்ளியில் தக்காளி சாதத்துக்கு டவுனிலிருந்து தக்காளி வந்துகொண்டிருக்கும்.

இத்தனைக்கும் பள்ளிக்கு வேண்டியது எவ்வளவு? பிள்ளைக்கு 50 கிராம் காய்கறி என்பது அளவு. எண்பது பேருக்கு நாளொன்றுக்கு 4 கிலோ. எங்கள் ஊரில் அவரை காய்க்கும் மார்கழி, தை மாதங்களில் ஒரு வீட்டுப் பந்தலே இதைக் கொடுத்துவிடும். இதற்கு உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குங்கள், குழுவைப் பதிவு செய்யுங்கள், குளிர்பதன அறை கட்டுங்கள் என்று எங்களை அலையவிடாதீர்கள். 4 கிலோ அவரைக்காயைக் கொண்டுபோக ஒரு கூடை போதும்.

ஜி.எஸ்.டி. நம்பரும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கேட்டார்களே, அதைப் பற்றி. படித்த பெண் ஒருத்தியை உட்காரவைத்துச் சட்டத்தைப் படிக்கச் சொன்னோம். சொந்தமாகப் பயிர் செய்து விளைந்ததை விற்கும் விவசாயி ஜி.எஸ்.டி. பதிவு செய்யத் தேவையில்லை என்று 2017-ம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 23-வது பிரிவு சொல்கிறது. 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அந்தச் சட்டம் விவசாயிக்கும் விளைச்சலுக்கும் பொருந்தாது என்றே சொல்கிறது. நாடாளுமன்றம் வேண்டாம் என்று விட்ட இரண்டு காகிதத்தை எங்களிடம் கேட்கிறார்கள். கேட்டவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரைக் காப்பாற்றுகிற மாதிரி மேலிருந்து ஒரு சுற்றறிக்கை வராதவரை அவர் "முடியாது" என்றுதான் சொல்வார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

விலையை யார் நிர்ணயிப்பது, சொந்தக்காரருக்கு அதிக விலை போட்டுக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை 1999-லேயே இருக்கிறது. மதுரையில் அந்த ஆண்டு தொடங்கிய உழவர் சந்தைகள் இன்று மாநிலம் முழுக்க நடக்கின்றன. அங்கே தினமும் காலையில் பலகையில் விலை எழுதுகிறார்கள். அரசு அலுவலரே எழுதும் விலை அது. அன்றைய உழவர் சந்தை விலைக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரி போட்டால் தணிக்கைக்கும் ஆதாரம் ஆயிற்று, ஊரில் சண்டையும் வராது. பில் புத்தகத்துக்குப் பதிலாக விவசாயியின் பெயர், எடை, விலை, கையெழுத்து உள்ள ஒரு பதிவேடு வைத்து, மாதக் கூட்டத்தில் பள்ளி மேலாண்மைக் குழு சரிபார்க்கட்டும். கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும் என்று வைத்திருப்பது கூட்டத்துக்கு ஆள் சேர்க்க மட்டுமா?

பாதுகாப்பு பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2013-ல் பீகாரில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த பள்ளி உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். எங்கள் பக்கத்திலும் தக்காளிக்கும் கத்தரிக்கும் மருந்து அடிக்காதவர் குறைவு. மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்தாலும், விலை ஏறின வாரத்தில் அதைப் பார்ப்பவர் யார்? ஆனால் மண்டி வழியாக வந்தால் அந்த மருந்து கழுவிக்கொண்டு போய்விடுகிறதா? அங்கே எந்த வயல் என்று யாருக்கும் தெரியாது. இங்கே கூடையைக் கொண்டுவருபவரின் பிள்ளையும் அதே வரிசையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும். பள்ளிக்குக் கொடுக்கும் வயலை வேளாண்மைத் துறை உதவி அலுவலர் வந்து பார்க்கட்டும், மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். மருந்து மிச்சம் இருந்தால் அந்த ஆளை நிறுத்துங்கள். ஊரே அவரைக் கேள்வி கேட்கும்.

ஒன்றை மட்டும் எங்கள் தரப்பிலும் சொல்லவேண்டும். கீரை ஆய்வது, அவரை நார் உரிப்பது, ராகி புடைப்பது எல்லாம் கூடுதல் வேலை. தொகுப்பூதியம் 3,000 ரூபாய் என்று சமையல் உதவியாளர்களை எடுக்க 2024 டிசம்பரில் ஆணை போட்டீர்கள். அந்தப் பெண்ணின் தலையிலேயே இந்த வேலையையும் கட்டிவிட்டு, "பாரம்பரிய உணவு" என்று படம் எடுத்துப் போட்டால் அதைவிட அநியாயம் வேறில்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஆள்கூலி உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காமல் திட்டம் போடாதீர்கள். காலை உணவை ஏற்கெனவே மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். காய் நறுக்கும் வேலைக்கும் அதே குழுவுக்கு நாள்கூலி ஒதுக்கலாம்.

இன்னொன்று, கன்னியாகுமரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒரே பட்டியல் எதற்கு? வெள்ளிக்கிழமை என்றால் மாநிலம் முழுக்க உருளைக்கிழங்கு வறுவல். நீலகிரிக்கு அது உள்ளூர்ப் பயிர். டெல்டாவுக்கு? எங்களுக்கு? (உருளையைப் பிடுங்கிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என் பிள்ளைகளே என்னை வீட்டுக்குள் விடமாட்டார்கள்.) மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமையாவது சர்க்கரைவள்ளியோ வாழைக்காயோ அவரைப் பொரியலோ அந்தந்த மாவட்டம் முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டால் என்ன?

செய்ய முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிரேசிலில் 2009-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்தே செலவழிக்க வேண்டும், அதற்கு வழக்கமான டெண்டர் தேவையில்லை என்பது அந்தச் சட்டம். அவ்வளவு தூரம் போவானேன், 1989-ல் பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை என்று தொடங்கி வாரத்துக்கு ஐந்து முட்டை வரை வந்தது நம் மாநிலம்தான். நாமக்கல் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள், சத்துணவு முட்டை தங்களுக்கு எவ்வளவு பெரிய வாடிக்கை என்று சொல்வார்கள். பள்ளித் தட்டை நம்பி ஒரு தொழில் நிற்க முடியும் என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். பண்ணை முதலாளிக்குக் கிடைத்த அந்த வாடிக்கையில் ஒரு பங்கு, ஒன்றரை ஏக்கர் ராகிக்காரருக்கும் வரட்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

ராகி கொள்முதல் நடக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வாரம் ஒரு நாள் சத்துணவிலோ காலை உணவிலோ ராகி உணவு தர ஆணையிடுங்கள். பள்ளிக்கு அரிசி வரும் அதே வழியில், தானியமாக, அரைவைக் கூலியோடு அது வர வேண்டும். மற்ற மாவட்டங்களுக்கு அங்கங்கே விளைவதைப் பார்த்துப் பிறகு விரிவாக்குங்கள்.

காய்கறியும் கீரையும் விவசாயியிடம் நேரடியாக வாங்கலாம், ஜி.எஸ்.டி. எண்ணோ உணவுப் பாதுகாப்புப் பதிவோ கேட்கக் கூடாது, அன்றைய உழவர் சந்தை விலையே உச்ச வரம்பு, பள்ளி மேலாண்மைக் குழு சரிபார்த்த பதிவேடே போதிய ஆதாரம் என்று தெளிவாக ஒரு சுற்றறிக்கை விடுங்கள். அதன் நகல் தணிக்கைத் துறைக்கும் போக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்.

காய்கறிக்கான செலவினத்தை மாதத் தொடக்கத்திலேயே முன்பணமாக அமைப்பாளரின் பள்ளிக் கணக்கில் போடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற எல்லாவற்றையும் செய்தாலும் பலன் இருக்காது. கையில் காசு இல்லாத அமைப்பாளர் கடன் தருகிற கடைக்குத்தான் போவார். சின்ன விவசாயியால் கடன் தர முடியாது.

கூடுதல் சமையல் வேலைக்குக் கூலி ஒதுக்குங்கள். உணவுப் பட்டியலில் மாதம் இரண்டு நாளாவது மாவட்டத்தின் விருப்பத்துக்கு விடுங்கள்.

ஆடியில் ராகி விதைப்போம். பள்ளிக்கு வேண்டும் என்று முன்பே தெரிந்தால் விதைக்கும் பரப்பை அதற்கேற்ப வைத்துக்கொள்ள முடியும். ஆகவே ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் உங்கள் முடிவு எதுவானாலும் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மறுப்பதாக இருந்தால், எந்த விதியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்றும் அதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், விவசாயி, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்
தருமபுரி மாவட்டம்